காணாமற்போன சிலந்திக் குஞ்சு

இழந்த பொருளைத் தேடுதல் மக்கள் யாவர்க்கும் பொதுவாகிய செயல். ஆயினும், தேடப்படும் பொருளின் இயல்பறிந்து தேடுவார் சிலரே. லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அருளிய உவமைகளுள் ஒன்றில் ஆடு காணாமற்போகின்றது. அடுத்ததில் வெள்ளிக்காசு காணாமற்போகின்றது. ஆட்டை இழந்தவன் அதன் வழியே தேடிப் புறப்படுகின்றான். காசை இழந்த பெண்ணோ வீட்டை விட்டு நீங்காது, விளக்கேற்றிப் பெருக்கித் தேடுகின்றாள். ஆடு அலைவது, காசு விழுந்த இடத்தே கிடப்பது. பொருள் வேறுபடவே தேடும் முறையும் வேறுபட்டது. இவ்விரண்டின் இயல்பும் ஒருங்கே உடைய ஓர் உயிர் வீட்டினுள் காணாமற்போயின், அதனை எங்ஙனம் தேடுவது? இதுவே இக்கட்டுரையின் பொருள். அவ்வுயிர் ஒரு சிலந்திக் குஞ்சு.

தமிழ் பயிலும் மாணவன் சிலந்தியைப் பற்றி எழுதப் புகுந்தது யாதுபற்றி என அன்பர்கள் வினவலாம். சென்ற ஆண்டு மழைக்காலத்து இரவொன்றில், விடுதியில் யாம் இருந்த அறையின் சுவர்மீது உள்ளங்கையளவு அகன்ற சிலந்தியொன்று தோன்றிற்று. அதன் உடலின் கீழே வெண்ணிறமான சிறு வட்டமொன்று ஒட்டியிருந்தது. நண்பர் ஒருவர் துடைப்பம் கொணர்ந்தார். நான் விளக்கைப் பிடித்தேன். இரண்டு அடியில் யாவும் முடிந்தன. மறுநாள் விலங்கியல் பயிலும் தோழர் ஒருவரிடம் இதனைப் பெருமையோடு கூறியபோது, அவர் முகம் வாடிற்று. அவ்வட்டம் முட்டைப்பை என்றும், தாய் அதனை இறக்கிவையாது சுமந்து திரியும் என்றும், வலை கட்டாது கரப்பான் முதலியவற்றை வேட்டையாடி உண்ணும் அச்சிலந்தியால் மக்களுக்கு ஊறு பெரிதும் இல்லை என்றும் அவர் விளக்கினார். அடித்த கை என்னுடையது அன்று. ஆயினும் விளக்குப் பிடித்த கை என்னுடையதே. அந்நினைவு நீங்காமையால் சிலந்திகளைப் பற்றி நூல்களிற் படிக்கலுற்றேன்.

அவ்வாறு படிக்குங்கால், மேனாட்டார் பலர் டாரன்டுலா என்னும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளைத் தம் வீட்டில் அன்போடு வளர்க்கும் செய்தியை அறிந்து வியப்புற்றேன். அதனினும் மிக்க வியப்பை அளித்தது பிறிதொன்று. வளர்ப்புச் சிலந்தியின் குஞ்சு கிண்ணத்தினின்று தப்பிவிட்டால், அவ்வீட்டார் தம்மைக் காத்துக்கொள்ள ஓடுவதில்லை. குஞ்சைக் காத்தற்பொருட்டுத் தேடுகின்றனர். நாங்கள் விளக்கேந்தியது கொல்லுதற்கு. அவர்கள் விளக்கேந்துவது காத்தற்கு. இவ்வேறுபாடு எதனால் வந்தது என ஆராயப் புகுந்ததன் பயனே இச்சிறு கட்டுரை.

1. பெயரும் அச்சமும்

டாரன்டுலா என்னும் பெயர் இத்தாலி நாட்டின் தென்பகுதியிலுள்ள தாரந்தோ என்னும் நகரத்தின் பெயரினின்று தோன்றியது. அந்நகரைச் சூழ்ந்த வயல்களில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கே முதற்கண் அப்பெயர் வழங்கிற்று. அது கடித்தால் மனிதர்க்கு ஒருவகைப் பித்துப் பிடிக்கும் என்றும், இசைக்கேற்ப நெடுநேரம் ஆடினாலன்றி அது தீராது என்றும் அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். டாரன்டெல்லா என்னும் நாட்டுக்கூத்தின் பெயர் இந்நம்பிக்கையோடு தொடர்புற்றது. உண்மையில் அச்சிலந்தியின் கடி அத்துணைக் கொடியதன்று. பின்னர் அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியர், அங்குக் கண்ட மயிர்நிறைந்த பெருஞ்சிலந்திகளுக்கும் இப்பெயரையே இட்டனர். பெயர் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லவே, அப்பெயரோடு கூடிய அச்சமும் உடன்சென்றது.

நம் மொழியினும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சிலந்தி என்னும் சொல் பூச்சியைக் குறிப்பதோடு, உடலில் தோன்றும் கட்டியையும் குறிக்கும். காலில் புழு வெளிப்படும் நோயொன்றை நரம்புச்சிலந்தி என்று வழங்கினர். அந்நோய்க்கும் எட்டுக்காற் பூச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் ஒரு சொல்லுள் உயிரும் நோயும் உடனுறைதலால், அவ்வுயிரைக் காணும்போதே நோயின் நினைவு எழுதல் இயல்பன்றோ!

அச்சத்தின் வரலாறு இவ்வாறாக, அறிவின் வரலாறும் ஒன்று உண்டு. மரியா சிபில்லா மெரியான் என்னும் அம்மையார் 1699ஆம் ஆண்டு தென்னமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குச் சென்று, தாம் கண்ட பூச்சிகளை ஓவியமாகத் தீட்டி 1705இல் நூலாக வெளியிட்டார். அதில் பெருஞ்சிலந்தி ஒன்று சிறு பறவையை உண்ணும் காட்சியும் இருந்தது. கற்றோர் பலர் அதனை நம்பாது நகைத்தனர். அமேசான் ஆற்றுப் பகுதியில் பதினோராண்டு தங்கி ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1863இல் வெளியிட்ட தம் நூலில், அத்தகைய நிகழ்ச்சியைத் தாமே கண்டதாக எழுதி அம்மையாரின் சொல்லை நிலைநாட்டினார். அவரே மற்றொரு செய்தியையும் கூறுகின்றார். அந்நாட்டுப் பழங்குடிச் சிறுவர், பெருஞ்சிலந்தி ஒன்றின் இடையிற் கயிறு கட்டி, நாயை நடத்துவதுபோல வீட்டினுள் நடத்தி விளையாடினராம். சிலந்தி வளர்ப்பு இக்காலத்து மேனாட்டார் புதிதாகக் கண்டதன்று என்பது இதனால் விளங்கும். பறவையை உண்ணும் என ஐரோப்பியர் வியந்த உயிரோடு, அதன் இயல்பை அறிந்த சிறுவர் அஞ்சாது விளையாடினர்.

2. குஞ்சின் இயல்பு

தேடும் முறையை ஆராயுமுன், தேடப்படுவதன் இயல்பை நோக்குவாம். டாரன்டுலாக் குடும்பத்தில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெருஞ்சிலந்தி என்னும் பெயர் பெற்றிருப்பினும், வளர்ப்போர் கைக்கு வரும் குஞ்சின் உடல் பெரும்பாலும் ஓர் உளுந்தின் அளவே. அதனைக் காற்றுத்துளையிட்ட சிறு குப்பியில் இட்டு வளர்ப்பர். குப்பியின் அடியிற் பரப்புவது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளாகும். நம் பொள்ளாச்சிப் பக்கத்தினின்றும் இலங்கையினின்றும் கப்பலேறிச் செல்லும் நார்த்தூள், கடல் கடந்து சிலந்திக்குப் படுக்கையாதல் அறியத்தக்கது.

குஞ்சு தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வளர்ப்போரின் சோர்வே. சிலந்தியின் உடல் தலைமார்பு, வயிறு என இருபகுதியாக அமைந்தது. வயிறு மெல்லியதாகலின் சுருங்கி நெகிழும். தலைமார்போ உறுதியான ஓட்டினால் மூடப்பட்டது. ஆகவே தலைமார்பு நுழையும் துளை எதுவாயினும் அதன்வழியே முழு உடலும் வெளியேறிவிடும். கால்களின் நுனியிலுள்ள நுண்மயிர்களின் உதவியால் வழவழப்பான கண்ணாடியின்மீதும் அஃது ஏறவல்லது. துளையைப் பெரிதாக இட்டவனும், உணவளித்தபின் மூடியைச் செம்மையாக மூடாதவனும் குஞ்சுக்குத் தாமே வாயில் திறந்துவிட்டவராவர்.

அதற்குக் கண்கள் எட்டு. எனினும் பார்வை கூர்மையன்று. அதன் உலகம் தொடுதலாலும் அதிர்ச்சியாலும் அமைந்தது. கால்களிலுள்ள நுண்ணிய மயிர்கள் காற்றின் சிற்றசைவையும் உணரும். ஒளியை வெறுத்து இருளையும், வெளியை வெறுத்து மூலையையும் நாடும். பகலில் ஒடுங்கி, இரவில் இயங்கும். இரையைத் துரத்தி அலையாது, வாயிலில் காத்திருந்து பற்றுவதே பெரும்பாலான இனங்களின் வழக்கம். எனவே நல்ல ஒதுக்கிடம் வாய்க்குமாயின், காசைப்போலக் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இடையூறு நேருமாயின், ஆட்டைப்போல ஓடும். இவ்விரட்டை இயல்பே தேடுவோர்க்கு உள்ள இடர்ப்பாடு.

குஞ்சுக்குப் பசி உடனே தீங்கு செய்யாது. பல வாரங்கள் உணவின்றி உயிர் வாழும். அதன் பகை வறட்சியே. உடல் மிகச் சிறிதாகலின் உள்ள ஈரம் விரைவில் வற்றும். இஃது எத்துணைப் பெருங்கேடு என்பதைச் சிலந்தியின் கால் அமைப்பை அறிந்தார் உணர்வர். கால்களை மடக்குதற்கு அதற்குத் தசைகள் உள்ளன; ஆனால் முதன்மையான சில மூட்டுகளை நீட்டுதற்குத் தசை இல்லை. உடலிலுள்ள குருதிநீரைக் காலினுள் அழுத்தியே அவற்றை நீட்டுகின்றது. நீர் வற்றின் அழுத்தம் குன்றும். அழுத்தம் குன்றின் கால்கள் உடலின் கீழே சுருண்டுவிடும். ஆதலின் வீட்டில் மறைந்த குஞ்சைத் தேடுவோன் அறையோடும் இருளோடும் மட்டுமன்றி, காலத்தோடும் போராடுகின்றான்.

3. தேடும் முறை

முதலாவது, காணவில்லை என்று துணிவதற்குமுன் குப்பியினுள்ளே தேடுதல் வேண்டும். குஞ்சு பலகாலும் நார்த்தூளுக்குள் வளைதோண்டி, வாயிலை அடைத்துக்கொண்டு பல நாள் வெளிவாராதிருக்கும். தோலுரிக்குமுன் இது பெரும்பான்மை. வெறுங்குப்பி என்று எண்ணித் தூளைக் குப்பையிற் கொட்டுவோன், வீடு முழுதும் தேடப்போகும் உயிரைத் தன் கையாலேயே எறிந்தவனாவான். ஆகவே வெள்ளைத் தாளொன்றை விரித்து, தூளைச் சிறிது சிறிதாக அதன்மேல் இட்டு, மெல்லிய தூரிகையால் விலக்கிப் பார்த்தல் நன்று. உள்ளே கிடப்பது உரித்த தோலாயின் அதனைக் குஞ்சின் பிணமென்று மயங்குதலும் கூடாது. தோல் வெறுங்கூடாய் எடையற்றிருக்கும்.

இரண்டாவது, குஞ்சு உண்மையாகவே வெளியேறியது என அறிந்தால், அறையைக் காத்தல் வேண்டும். கதவைச் சாத்தி, அதன் அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்தல் வேண்டும். பூனையையும் நாயையும் வெளியேற்றுக. வீட்டிலுள்ளோர் யாவர்க்கும், சிறப்பாகச் சிறுவர்க்கும் பணிபுரிவோர்க்கும், மறையாது அறிவித்தல் வேண்டும். வெட்கத்தினால் மறைப்போன், அறியாது மிதிப்போர்மீது தன் பிழையைச் சுமத்துகின்றான். பூச்சிமருந்து தெளித்தலும், பிசின் தடவிய பொறி வைத்தலும் அறவே ஆகா.

மூன்றாவது, பெருக்கலாகாது. உவமையில் வரும் பெண் வீட்டைப் பெருக்கியது காசுக்குப் பொருந்தும். துடைப்பத்தின் அடி காசுக்கு நோவு தாராது. சிலந்திக் குஞ்சின் வயிறோ சிறு தாக்குதலாலும் கிழியக்கூடியது. தூசு உறிஞ்சும் பொறியை இயக்குதல் அதனினும் கொடிது. அவ்வம்மையாரிடத்து நாம் கற்கவேண்டியவை ஏனைய இரண்டாம்: விளக்கேற்றுதலும், கண்டடையும்வரை சோர்வின்றித் தேடுதலும்.

நான்காவது, அண்மையினின்று சேய்மைக்குச் செல்லுதல் வேண்டும். குப்பி இருந்த பலகையின் அடிப்புறம், அதன் பின்புறம், அருகிலுள்ள நூல்களின் இடுக்கு, திரையின் மடிப்பு, சுவரும் தரையும் கூடும் விளிம்பு, குளிர்நாட்டு வீடாயின் வெப்பக்குழாயின் பின்புறம் என ஒழுங்குபடத் தேடுக. மரத்தில் வாழும் இனமாயின் மேல்நோக்கியும், நிலத்தில் வளைதோண்டும் இனமாயின் கீழ்நோக்கியும் முதலில் காண்க. காலணி, சலவைக்கு இட்ட துணி, படுக்கையின் மடிப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துமுன் உதறாது, மெல்லப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். கனமான மேசை நாற்காலிகளை இழுக்குமுன் அவற்றின் காலடியை நோக்குக.

ஐந்தாவது, இரவில் தேடுக. வீட்டு விளக்குகளை அணைத்துச் சில நாழிகை அமைதியாயிருந்து, பின்னர் டார்ச்சு விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால், சிறு பொருளும் நீண்ட நிழலை எறியும். குஞ்சு விட்டுச்சென்ற பட்டிழையும் ஒளியில் மின்னக்கூடும். மூலையொன்றில் புதிய மெல்லிழை காணின், அங்கேயே நின்று நோக்குதல் நன்று.

ஆறாவது, தேடுவோன் உறங்கும்போதும் தேடல் நடத்தற்கு ஓர் உபாயம் உண்டு. சிறு கிண்ணங்களில் ஈரமான நார்த்தூளை இட்டு, அறையின் மூலைகளிற் சாய்த்து வைத்தல் வேண்டும். வறண்ட வீட்டில் இருளும் ஈரமும் பொருந்திய அவ்விடத்தைக் குஞ்சு தானே நாடி அடையக்கூடும். விடியலில் அவற்றை ஒவ்வொன்றாக நோக்குக. ஒருநாளிற் காணாவிடின் மனந்தளரலாகாது. சில வாரம் கழித்து எதிர்பாரா இடத்தில் நலமாகக் கண்டெடுத்ததாகக் கூறும் வளர்ப்போரும் உளர்.

4. கண்டபின் செய்வது

கண்டவுடன் கையால் எட்டிப் பிடிக்கலாகாது. இதற்குக் காரணம் நம் விரலுக்கு வரும் கேடன்று. விரலால் அதற்கு வரும் கேடே. டாரன்டுலாவின் கடியால் மனிதர் இறந்ததாக ஐயமற நிறுவப்பட்ட செய்தி இல்லை. ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் பேர்க் என்பார், சிலந்திகளின் நஞ்சை ஆராய்தற்குத் தம் உடலையே கருவியாக்கினார். 1922இல் கருவிதவை என்னும் கொடிய சிலந்தியைத் தம் விரலிற் கடிக்கச் செய்து மருத்துவமனையில் இருந்த அவர், டாரன்டுலாக்களுள் பல அஞ்சத்தக்கன அல்ல என்பதையும் ஆராய்ந்து காட்டினார். எல்லா இனமும் ஒருதன்மையன அல்ல என்பதும் உண்மையே. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மரச்சிலந்தி இனங்கள் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாகும். அமெரிக்க இனங்கள் பல வயிற்றிலுள்ள மயிரை உதிர்த்து எறியும். அது தோலில் அரிப்பையும், கண்ணிற் படின் பெருந்தொல்லையையும் தரும். உளுந்தளவுக் குஞ்சினிடத்தும் மதிப்போடு நடத்தல் இருவர்க்கும் நலம்.

ஆகவே ஒளிபுகும் கண்ணாடிக் கிண்ணமொன்றை மெல்லக் கவிழ்த்து, அதன் விளிம்பின் கீழே தடித்த தாளைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, இரண்டையும் சேர்த்து எடுத்தல் வேண்டும். இடுக்கில் இருப்பின், கிண்ணத்தை முன்னே வைத்துத் தூரிகையால் பின்காலை மெல்லத் தீண்டினால் அது முன்னோக்கி நடக்கும். அதன்மேல் மூச்சுக்காற்றுப் படலாகாது. அக்காற்று அதற்குப் பகைவனின் வரவு.

இங்கு ஒரு வேறுபாட்டை நன்கு அறிதல் வேண்டும். குஞ்சு மல்லாந்து கிடப்பின் அது பெரும்பாலும் தோலுரிக்கின்றது என்றே கொள்க. அந்நிலையில் அதனைத் தொடாது, சுற்றிலும் காவலிட்டு ஒருநாள் பொறுத்தல் வேண்டும். புதுத்தோல் மெல்லியதாகலின் தொட்டால் கெடும். குப்புற இருந்து கால்கள் யாவும் உடலின் கீழே சுருண்டிருப்பின், அதுவே வறட்சியின் அடையாளம். உடனே ஈரமான காகிதத்தின்மீது மெல்ல வைத்து, வாயருகே ஒரு துளி நீர் எட்டுமாறு செய்தால் சில பிழைத்தலும் உண்டு. மல்லாந்ததை இறந்தது என்று எறிவதும், சுருண்டதை உறங்குகிறது என்று விடுவதும் அறியாமையால் நேரும் இரு பிழைகள்.

5. வீட்டிற்கு வெளியே

குஞ்சு அகப்படாது வெளியேறிவிட்டால் என்னாம்? குளிர்நாட்டில் அது பெரும்பாலும் மடிந்துபோம். வெப்பநாட்டிலோ வேறொரு கேடு விளையலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் புளோரிடாவில், மெக்சிக்கோ முதலிய நாடுகளுக்குரிய டாரன்டுலா இனமொன்று தோட்டநிலத்தில் இனம்பெருக்கி வாழ்வது 1996இல் அறியப்பட்டது. வளர்ப்புச் சிலந்திகள் தப்பியமையே அதற்குக் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. ஆகவே மூடியைச் செம்மையாக மூடுதல் தன் வீட்டளவில் முடியும் கடமையன்று.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தி நம் நாட்டிற்கு உரியது. வீட்டினின்று தப்பிய குஞ்சைத் தேடும் நாம், அது முதலில் எவ்வீட்டினின்று கொணரப்பட்டது என்றும் எண்ணுதல் வேண்டும். மேனாட்டு வளர்ப்போர் பெரிதும் விரும்பும் மரச்சிலந்திகளுள் ஒன்று நம் அரக்கோணத்தில் கிடைத்ததைக் கொண்டு 1899இல் பொக்காக் என்னும் ஆங்கில அறிஞரால் விளக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் விளக்கிய நீலநிற மரச்சிலந்தி, ஆந்திர நாட்டுக் குத்தி என்னும் ஊரிற் கிடைத்தது. இன்று அவ்வினம் முற்றும் அழியும் நிலையிலுள்ள உயிர்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இம்மரச்சிலந்திகள் முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் வாழ்வன. மரம் வீழ்ந்தால் வீடு இல்லை. காடழிவோடு விற்பனைக்காகப் பிடித்தலும் சேர்ந்து இவற்றைக் குறைத்தலின், 2019இல் இப்பேரினம் முழுதும் உலக நாடுகளின் வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. காட்டிற் பிடித்ததை வாங்காமை, வளர்ப்போர் மேற்கொள்ளத்தக்க முதற்கடமையாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? வீட்டினுள் தப்பிய சிலந்திக் குஞ்சினால் வீட்டார்க்கு நேரும் கேடு சிறிது. வீட்டாரால் குஞ்சுக்கு நேரும் கேடு பெரிது. இதனை அறிந்தவன் விளக்கேந்திக் காக்கத் தேடுகின்றான்; அறியாதவன் அதே விளக்கை ஏந்திக் கொல்லத் தேடுகின்றான். விளக்கு ஒன்றே, பிடிப்பவன் கற்றது வேறு. அன்பு வேண்டும் என்று கூறுதல் எளிது. ஆனால் ஓர் உயிர் எதனை அஞ்சும், எதனை நாடும், எதனால் மடியும் என்று கல்லாதவனுடைய அன்பு, நார்த்தூளோடு குஞ்சையும் குப்பையில் கொட்டிவிடும்.

எங்கள் அறை அலமாரியில் இப்போது ஒரு கண்ணாடிக் கிண்ணமும், பழைய நாட்காட்டியின் அட்டையொன்றும் உள்ளன. இவ்வாண்டு மழை தொடங்கியபின் அவற்றை மும்முறை பயன்படுத்தினோம். மூன்றாம் முறை வந்த சிலந்தியின் கீழும் வெண்ணிற வட்டம் இருந்தது. துடைப்பம் கொணர்ந்த அதே நண்பர் இம்முறை அட்டையைச் செலுத்தினார். நான் விளக்கைப் பிடித்தேன். தோட்டத்துச் சுவரோரம் விடப்பட்டபோது, அது தன் சுமையை நழுவவிடாது இருளுட் சென்று மறைந்தது.